தாயும் சேயும் மயக்க டாக்டரும் நலம்

சுகப்பிரசவம் என்ற சொல்லை முதலில் சொன்னவர் யார் என்று எந்தத் தமிழறிஞராவது தேடிக் கண்டுபிடித்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடட்டும். மாலையோடு போய்ப் பார்க்க ஆசை. ஆணாகத்தான் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, உள்ளறையில் ஒருத்தி கத்துவதை அரைக்காதில் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். கத்தல் அடங்கிக் குழந்தை அழுத சத்தம் வந்ததும் எச்சிலைத் துப்பிவிட்டு, "அப்பாடா, சுகம்" என்றிருப்பார். அவருக்கு வந்த சுகத்தை அவளுக்கு வந்ததாக எழுதி வைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து பதினெட்டு மணி நேரம் துடித்தாலும் சுகம், கிழிந்து தைத்தாலும் சுகம். வயிற்றை அறுக்காத வரைக்கும் எல்லாமே சுகம்தான். சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறவனிடம் "சுகமாப் பிடுங்கினாங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பல்லுக்கு ஊசி போட்டு, ஈறு மரத்துப்போய்விட்டதா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குறடைக் கையில் எடுக்கிறார்கள். ஒரு பல் என்ன கனம் இருக்கும்? என் மகள் மூன்று கிலோ நூறு கிராம்.

நான் திட்டம் போட்டவள். அதுதான் நான் செய்த முதல் குற்றம். திருச்சியில் நான் காட்டிக்கொண்ட மருத்துவமனையின் வரவேற்பறையில் ஒரு பலகை தொங்கும்: 'வலியில்லாப் பிரசவம் செய்யப்படும்.' கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண் குழந்தையை அணைத்தபடி சிரிப்பாள். உதட்டுச்சாயம்கூடக் கலைந்திருக்காது. ஐந்தாம் மாதம் அந்தப் பலகையைக் காட்டி டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பார்த்துக்கலாம்மா" என்றார். ஏழாம் மாதம் கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்." ஒன்பதாம் மாதம், "அந்த நேரத்துல பார்த்துக்கலாம், ஏன் டென்ஷன் ஆகறே?" தமிழில் 'முடியாது' என்ற சொல்லுக்கு இத்தனை மரியாதையான மறுபெயர் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மூன்று பார்த்துக்கலாமைச் சேர்த்து ஒரு சரி என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். முன்பணம் கட்டிய ரசீதில் 'எபிடியூரல்' என்று தனியாக ஒரு வரி இருந்தது. படித்தவள் அல்லவா, ரசீதை நம்பினேன்.

விஷயம் வீட்டில் தெரிந்ததும் வளைகாப்புக்கு முன்பே ஒரு பஞ்சாயத்து கூடியது. "முதுகுத்தண்டுல ஊசியா? ஆயுசுக்கும் குனிய முடியாது" என்றார் என் அத்தை, அதாவது மாமியார். "நாங்கல்லாம் ஏழு பெத்தோம், ஒரு ஊசி கிடையாது" என்றார் பெரியம்மா. ஏழில் நாலுதான் தங்கியது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சபையின் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த சித்தப்பா மட்டும் நிதானமாகப் பேசினார். "இயற்கையா நடக்கிறதுல நாம ஏம்மா கை வைக்கணும்?" போன வருஷம் சித்தப்பாவின் சிறுநீரகத்தில் ஒரு கல் அடைத்துக்கொண்டது. மிளகு அளவு. அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டுக் குழந்தைகள் எழுந்து அழுதன. ஊசி போட ஐந்து நிமிஷம் தாமதமானதற்கு நர்ஸ் மேல் புகார் எழுதிக் கொடுத்தார். கல்லும் இயற்கையாக உருவானதுதானே சித்தப்பா என்று கேட்டிருக்கலாம். வாயும் வயிறுமாக இருக்கிறவள் எதிர்த்துப் பேசக்கூடாது.

முதுகுவலிக் கதைக்கு வருவோம். எபிடியூரலால் ஆயுள்கால முதுகுவலி வருவதில்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வாகச் சொல்லியாகிவிட்டது. ரத்த அழுத்தம் இறங்கலாம், சிலருக்குக் கடுமையான தலைவலி வரலாம், முக்கும் நேரம் நீளலாம். இவை உண்மையான தொல்லைகள். இவற்றைப் பற்றி ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. எல்லோரும் இல்லாத முதுகுவலியைத்தான் பேசினார்கள். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சிசேரியனுக்கும் முதுகில்தான் ஊசி. அதற்கு ஒரே குத்து, இதற்கு ஒரு மெல்லிய குழாய் என்பதுதான் வித்தியாசம். அத்தையின் மகளுக்கு, என் நாத்தனாருக்கு, இரண்டு சிசேரியன். இரண்டு முறையும் முதுகில் ஊசி போட்டார்கள். அப்போது அத்தை "குனிய முடியாது" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கத்திக்காகப் போடுகிற ஊசி முதுகுக்குக் கெடுதல் செய்யாது. வலிக்காகப் போட்டால்தான் செய்யும்.

இந்த ஞானம் நம் ஊரில் மட்டும் விளைந்ததல்ல. 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற டாக்டர் பிரசவத்துக்கு முதலில் ஈதரையும், அந்த வருஷக் கடைசியில் குளோரோஃபார்மையும் கொடுத்துப் பார்த்தார். பெண் வேதனையோடு பெற வேண்டும் என்பது தேவ கட்டளை, அதை மாற்ற நீ யார் என்று ஆட்சேபணை கிளம்பியது. சிம்சன் அதே வேதாகமத்தைத் திறந்து காட்டினார்: ஆதாமின் விலா எலும்பை எடுப்பதற்கு முன்னால் கடவுள் அவனை ஆழ்ந்து தூங்க வைத்தார் அல்லவா? ஆம்பிளைக்கு ஒரு எலும்பு எடுக்க மயக்கம் கொடுத்தது சாட்சாத் கடவுள். பிலடெல்பியாவில் சார்ல்ஸ் மெய்க்ஸ் என்ற பெரிய பேராசிரியர், பிரசவ வலி பெண்ணுக்கு நன்மை செய்வது, அதைப் போக்கக்கூடாது என்று வாதாடினார். பிரசவம் பார்க்கிற டாக்டரின் கையிலிருந்து தொற்று பரவும் என்பதையும் ஒப்புக்கொள்ள மறுத்த பெருந்தகை அவர். கனவான்களின் கை சுத்தமானதாம். 1853-ல் விக்டோரியா மகாராணி எட்டாவது பிள்ளைக்கு ஜான் ஸ்னோவை அழைத்துக் கைக்குட்டையில் குளோரோஃபார்ம் சொட்டச் சொல்லி முகர்ந்துகொண்டார். நான்கு வருஷம் கழித்து ஒன்பதாவதுக்கும் அப்படியே. அதற்கப்புறம் தேவ கட்டளை கொஞ்சம் இளகியது. ராணிக்குக் கிடைத்தது குடிமகளுக்கு எப்போது கிடைக்கும் என்பதுதான் பாக்கி. முதுகில் மெல்லிய குழாயைச் செருகி மருந்தை விட்டுவிட்டுச் செலுத்தும் வித்தையை ஹவானாவில் மார்டினெஸ் குர்பேலோ என்ற டாக்டர் செய்து காட்டியது 1947-ல். நம் சுதந்திரத்துக்கும் அந்தக் குழாய்க்கும் ஒரே வயசு. இரண்டும் எனக்குக் கிடைத்ததாகக் காகிதத்தில் இருக்கிறது.

வலி எடுத்தது மார்கழி மாதம், வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின ராத்திரி. முதலில் சூட்டு வலி என்று சீரகக் கஷாயம் கொடுத்தார்கள். கஷாயத்துக்குக் கட்டுப்படாமல் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இடுப்பைப் பிடித்து முறுக்கியது. ஒன்பது மணிக்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். பணி டாக்டர் உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டு, "மூணு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கு" என்றார். ஊசி எப்போது என்று கேட்டேன். "இப்பவா? இப்பப் போட்டா வலி நின்னுடும்மா."

வலி நிற்பதற்குத்தானே கேட்கிறேன்?

"அந்த வலி இல்ல. பிரசவ வலி."

எந்த வலியைப் பற்றி இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சீக்கிரமாகப் போட்டால் பிரசவம் கெட்டுவிடும் என்பதையும் மருத்துவ உலகம் எப்போதோ கைவிட்டாயிற்று. எத்தனை சென்டிமீட்டர் ஆனாலும், கேட்கிறவளுக்குக் கொடுக்கலாம். ஆனால் மூன்று சென்டிமீட்டரில் இருப்பவள் விவாதம் செய்ய மாட்டாள். பன்னிரண்டு மணிக்கு ஐந்து சென்டிமீட்டர். நானே கேட்பதற்குள் சிஸ்டர் சொன்னார்: "மயக்க டாக்டருக்குப் போன் போட்டாச்சு. அவர் வீடு ஸ்ரீரங்கத்துல. காவிரிப் பாலத்துல நகர முடியலையாம். சொர்க்கவாசல் கூட்டம்."

சொர்க்கவாசல் திறப்பதற்காக என் வாசல் காத்திருக்க வேண்டும். சரி, ரங்கநாதருக்கு முன்னுரிமை. நான் படுத்திருந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதில் மலைக்கோட்டை தெரிந்தது, விளக்குப் போட்டு ஜகஜோதியாக. வலி வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. சிஸ்டர் பயந்து போய் ரத்த அழுத்தம் பார்த்தார்.

சிரிப்புக்குக் காரணம் உண்டு. அந்த மலையில் பாதி வழியில் இருக்கிறவர் தாயுமானவர். செட்டிப்பெண் ரத்னாவதிக்குப் பேறுகாலம். தாய் அக்கரையில். காவிரியில் வெள்ளம், கடக்க முடியவில்லை. இவள் கதறிய கதறலைக் கேட்டுச் சிவபெருமானே அவள் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். ஆண்டுதோறும் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று விழா எடுக்கிறோம். அதே காவிரி, அதே அக்கரை, அதே வலி. வர வேண்டியவர் பாலத்தில் மாட்டிக்கொண்டார் என்பதுவரைக்கும் கதை பிசகாமல் நடந்தது. இறங்கி வர வேண்டியவர்தான் இறங்கி வரவில்லை.

வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். அதை நினைத்துத்தான் சிரித்தேன். சிவபெருமான் சேலை கட்டி, எண்ணெய்க் கிண்ணமும் மருந்துப் பையுமாக வாசலுக்கு வருகிறார். காவலாளி மறிக்கிறார். "அட்டெண்டர் பாஸ் இருக்காம்மா?" இல்லை. "பார்வையாளர் நேரம் நாலுலேருந்து ஆறு." நான் அவள் அம்மா. "அம்மா ஏற்கெனவே மாடியில உக்காந்திருக்காங்களே, நீங்க எந்த அம்மா?" இறைவன் விழிக்கிறார். என்னுடைய நிஜ அம்மாவையே பிரசவ அறைக்குள் விடவில்லை. பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண் கூட இருக்கலாம் என்று மத்திய அரசு 2016-லேயே அரசு ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியில், அவள் விரும்புகிற துணை கூட இருக்க வேண்டும் என்கிறது. அவள் கேட்டால் எபிடியூரல் கொடுக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. இதைப் பணி டாக்டரிடம் சொன்னேன். "நெட்ல ரொம்பப் படிப்பீங்களோ?" என்றார்.

இரண்டு மணிக்கு ஏழு சென்டிமீட்டர். இடுப்பு வலி என்று சொல்கிறார்களே, இடுப்போடு நிற்கிற வலியல்ல அது. முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக எண்ணிப் பிரித்து, எண்ணிக்கை தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணுவது மாதிரி. இதற்கு மேல் வர்ணித்தால் மிகை என்பீர்கள். கத்தினேன். "கத்தாதம்மா, சக்தி வீணாயிடும்" என்றார் சிஸ்டர். அடுத்த கட்டிலில் இருந்த பெண் இன்னும் சின்னவள், இருபது இருபத்தொன்று இருக்கும். அவள் கத்தியபோது ஆயாம்மா சொன்னது வேறு: "அப்ப இனிச்சுதுல்ல, இப்பக் கத்தறே." இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருந்தேன். என் அம்மா 1980-களில் தஞ்சாவூரில் கேட்டாள், என் தோழி மதுரையில் கேட்டாள். யாரும் எழுதி வைக்காமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், தலைமுறை தலைமுறையாக ஒரு எழுத்து பிசகாமல் வாய்மொழியாகவே வருகிறது. வேதத்தை அப்படித்தான் காப்பாற்றினோம் என்று பெருமைப்படுகிறவர்கள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சின்னப் பெண் கடைசியில் சொல்லிவிட்டாள்: "என்னால முடியல, அறுத்தாவது எடுத்துடுங்க." அந்த ஒரு சொல்லுக்கு அந்தக் கட்டடம் எழுந்து நின்றதைப் பார்க்க வேண்டுமே! உறங்கிக்கொண்டிருந்த விளக்குகள் எரிந்தன. தள்ளுவண்டி வந்தது. கையெழுத்துப் படிவம் வந்தது. அவள் புருஷனை எழுப்பினார்கள், அவள் மாமனாரை எழுப்பினார்கள். "குழந்தைக்கு மூச்சு" என்று பாதியில் நிறுத்தி ஒரு வாக்கியம் சொன்னார்கள். அதை முழுதாகக் கேட்கிற தைரியம் யாருக்கு உண்டு? கையெழுத்து விழுந்த இருபத்தைந்தாவது நிமிஷம், மயக்க டாக்டர் மாடிப்படி ஏறி வந்தார்.

ஆமாம், அதே டாக்டர். அதே ஸ்ரீரங்கம். அதே பாலம். சொர்க்கவாசல் கூட்டம் கத்திக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

அந்தப் பெண்ணுக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். குழந்தைக்கு ஆபத்தென்றால் ஆகாயத்தில் பறந்தாவது வரட்டும், அதில் எனக்குப் பொறாமை இல்லை. எனக்கு இருப்பது ஒரே கேள்வி. அவளுக்கு நாலு மணி நேரம் முன்னால் முதுகில் ஒரு குழாய் போட்டிருந்தால், "அறுத்து எடுத்துடுங்க" என்று கேட்டிருப்பாளா? என்னுடைய வலியிலும் அவளுடைய வலியிலும் யாருக்கும் லாபமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. தாங்க முடியாத வலிதான் சிசேரியனுக்கு மிகச் சிறந்த தரகர். கமிஷன்கூடக் கேட்காது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று, 2019-21. தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனையில் மட்டும் பார்த்தால் 63.8. அரசு மருத்துவமனையில் 36. மக்கள்தொகை அளவில் பத்து சதவீதத்துக்கு மேல் போவதால் கூடுதலாக உயிர்கள் பிழைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. கணக்கை இன்னொரு பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். நூறு பேரில் நாற்பத்தைந்து பேருக்கு மயக்க டாக்டர் கிடைக்கிறார். நள்ளிரவில் கிடைக்கிறார், தீபாவளியன்று கிடைக்கிறார், ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் விடியற்காலை நாலே முக்கால் என்றாலும் நாலரைக்குக் கிடைக்கிறார். மீதி ஐம்பத்தைந்து பேர் கேட்கும்போதுதான் மயக்க மருந்து நிபுணர்களுக்கு இந்த மாநிலத்தில் தட்டுப்பாடு வந்துவிடுகிறது.

ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். அறுவைக்கு ஊசி போட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். பிரசவத்துக்குக் குழாய் போட்டால் ராத்திரி முழுக்க ஒருவர் பக்கத்திலேயே இருந்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மருந்து ஏற்ற வேண்டும். ஊர் ஊராக மூன்று மருத்துவமனைக்கு ஓடுகிற ஒருவரால் அது ஆகாது. புரிகிறது. அப்படியானால் அந்தப் பலகையைக் கழற்றுங்கள். வெள்ளைக்காரியை அவள் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே அவளுக்குக் கிடைக்கும்.

மூன்றரை மணிக்கு, தியேட்டர் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மயக்க டாக்டர் வேலை முடிந்து வெளியே வருகிறார். என் கட்டிலுக்கும் அவருக்கும் பத்தடி. "அவர்கிட்டே சொல்லுங்க சிஸ்டர்" என்றேன். சிஸ்டர் போனார், வந்தார். "ஒன்பது சென்டிமீட்டர் ஆயிடுச்சேம்மா. இனிமே எதுக்கு? இவ்வளவு தாங்கிட்டே, இன்னும் கொஞ்சம்தான்."

தாலுகா ஆபீஸுக்குப் போனவர்களுக்கு இந்தத் தாளம் பழக்கம். காலையில் போனால் சார் இன்னும் வரவில்லை. மத்தியானம் போனால் சாப்பிடப் போயிருக்கிறார். நாலு மணிக்குப் போனால் கவுண்டர் மூடியாச்சு, நாளைக்கு வாங்க. பிரசவத்தில் நாளைக்கு வா என்று சொல்ல முடியாது என்ற ஒரே காரணத்தால், 'இனிமே எதுக்கு' என்கிறார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு எங்கள் தாத்தா வீட்டு லட்சுமி ஞாபகம் வந்தது. லால்குடிப் பக்கம் கிராமம். லட்சுமி ஒரு ஜெர்சிக் கலப்பு. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி தவித்தது. மாட்டு டாக்டர் வந்தார். டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, முதல் காரியமாக அதன் வால் அடியில், எலும்புக்கு நடுவே ஒரு ஊசி போட்டார். ஐந்து நிமிஷத்தில் வால் துவண்டது, முக்குவது நின்றது. கன்றைத் திருப்பி இழுத்துப் போட்டார். அதுவும் எபிடியூரல்தான். கால்நடை மருத்துவத்தில் அது சர்வசாதாரணம். கேட்டுப் பாருங்கள். மாட்டின் மேல் கருணையால் போடுவதில்லை. உள்ளே விட்ட கையை அது முக்கி நசுக்கிவிடக்கூடாது, அதற்காக. கை வலிக்கக்கூடாது, கைக்காரருக்கு. காரணம் எதுவானாலும் லட்சுமிக்குக் கிடைத்தது. அதற்கு அத்தை இல்லை, சித்தப்பா இல்லை, முதுகு வலிக்கும் என்று யாரும் பஞ்சாயத்துக் கூட்டவில்லை. பால் கறக்கிற ஜீவன், பாவம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "முக்கு, முக்கு" என்றார்கள். "மலம் போறமாதிரி முக்கு" என்றார்கள். முக்கினால், "கழுத்துல முக்காதே" என்றார்கள். ஒரு கட்டத்தில் பணி டாக்டர் ஸ்டூல் மேல் ஏறி, இரண்டு கையாலும் என் வயிற்றை மேலிருந்து அமுக்கினார். இதுவும் செய்யக்கூடாது என்று அதே 2018 வழிகாட்டியில் இருக்கிறது. அப்போது நான் நெட்டில் படித்ததைச் சொல்லும் நிலையில் இல்லை. கத்தரித்தார்கள். விடியற்காலை, அக்கரையில் பரமபத வாசல் திறந்து 'ரங்கா ரங்கா' என்று லட்சம் பேர் கூவியிருப்பார்கள், இக்கரையில் என் மகள் வந்தாள்.

பிறந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கு மார்க் போட்டார்கள். எட்டு. ஐந்தாவது நிமிஷத்தில் ஒன்பது. நிறம், நாடி, அனிச்சை, அசைவு, மூச்சு என்று ஐந்து பாடம், பாடத்துக்கு இரண்டு மார்க். ஆப்கார் ஸ்கோர். 1952-ல் வர்ஜீனியா ஆப்கார் என்ற அமெரிக்கப் பெண் உண்டாக்கியது. அவர் யார் தெரியுமா? மயக்க மருந்து டாக்டர். ஒரு மயக்க மருந்து டாக்டர் பிரசவ அறையில் நின்று என்ன நடக்கிறது என்று கவனித்ததால் உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் மார்க் கிடைத்தது. தாய்க்கு மார்க் போட இன்னும் ஒருவரும் நின்று பார்க்கவில்லை. என்னைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். மரத்துப் போகிற மருந்து இரண்டு தையலுக்கு வேலை செய்தது, மற்றதுக்குச் செய்யவில்லை. மாடியில் என் வீட்டுக்காரர் குடும்பக் குழுவில் செய்தி போட்டுக்கொண்டிருந்தார்: 'சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம்.' முதலில் கட்டைவிரலை உயர்த்தியது சித்தப்பா.

அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நான் நன்றி கெட்டவள் இல்லை. இந்த மாநிலத்தில் நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது, முன்போல் பெண்கள் சாவதில்லை, அதற்குக் கிராமம் கிராமமாக நடந்த நர்ஸம்மாக்களைக் கும்பிடுகிறேன். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை ஆரம்பித்தது 1844-ல். சிம்சன் குளோரோஃபார்மை முகர்ந்து பார்ப்பதற்கு மூன்று வருஷம் முந்தி. அவ்வளவு பெரிய பாரம்பரியம். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. அதில் ஒரு பெட்டகம் தருகிறார்கள்: பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச் சத்து டானிக், கூடவே ஒரு துண்டு. துண்டு எதற்கென்று முதலில் விளங்கவில்லை. பிரசவ வார்டில் ஒரு நாள் நின்று பார்த்தால் விளங்கும். வாயில் கவ்விக்கொள்ள. இங்கிலாந்தில் பிரசவ அறைக்குப் போகிறவள் சிரிப்பு வாயுவும் பிராணவாயுவும் பாதிப் பாதியாகக் கலந்த குழாயைத் தானே கையில் பிடித்து உறிஞ்சிக்கொள்கிறாள். அதற்கு மயக்க டாக்டர் வேண்டாம், காவிரிப் பாலமும் வேண்டாம். அங்கே 1960-களிலிருந்து இருக்கிறது. இங்கே ஏதோ ஓரிரு பெரிய ஆஸ்பத்திரியில் வந்தால் அது பத்திரிகைச் செய்தி. டிவி கொடுத்தோம், மிக்சி கொடுத்தோம், ஆடு மாடுகூடக் கொடுத்தோம். பிரசவ வலிக்கு நிவாரணம் தருவோம் என்று ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் நான் ஒரு வரி பார்த்ததில்லை. வறட்சிக்கு நிவாரணம் உண்டு, வெள்ளத்துக்கு உண்டு, புயலுக்கு உண்டு. பனிக்குடம் உடைந்தால் மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது பில் வந்தது. அறை வாடகை, டாக்டர், நர்ஸ், பஞ்சு, கையுறை, தையல் நூல். கீழே ஒரு வரி: எபிடியூரல். போடாத ஊசிக்கு எதற்குப் பணம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயம்தான் என்று அடித்துவிட்டு, புதிதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள்: 'மயக்க மருந்து நிபுணர், தயார் நிலைக் கட்டணம், ரூ. 3,500.' அதாவது அவர் அக்கரையில் தயாராக இருந்ததற்கு. சிவபெருமான் வந்து பார்த்துவிட்டே போனார், ஒரு வாழைத்தாரோடு முடிந்தது.

அந்த வாழைத்தாருக்குத்தான் குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது மலைக்கோட்டைக்குப் போனோம். சுகப்பிரசவம் ஆனால் தாயுமானவருக்குத் தார் சாத்துவதாக அத்தை வேண்டிக்கொண்டிருந்தார். படி ஏறினேன். தையல் போட்ட இடம் ஏழாவது படியிலேயே தன்னை ஞாபகப்படுத்தியது. முதுகு வலிக்கவில்லை, ஊசிதான் போடவில்லையே. சந்நிதியில் குருக்கள் தாரை வாங்கிக்கொண்டு, "சுகப்பிரசவமா?" என்று கேட்டார். "ஆமா சாமி, சுகப்பிரசவம், அவர் புண்ணியம்" என்றார் அத்தை.

பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஏழெட்டு மாதம் இருக்கும், கை நிறையக் கண்ணாடி வளையல், வளைகாப்பு முடிந்த மறுநாள் போல. என் மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ரொம்ப வலிக்குமா?"

"குழந்தை மூஞ்சியைப் பார்த்தா எல்லாம் மறந்துடும்டி கண்ணு" என்றார் அத்தை, எனக்கு முன்னால்.

அவர் தீர்த்தம் வாங்கத் திரும்பும்வரை காத்திருந்து, அந்தப் பெண்ணை ஓரமாக இழுத்தேன். எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறாய் என்று கேட்டேன். சொன்னாள். அங்கேயும் பலகை தொங்குகிறதாம், அதே வெள்ளைக்காரிதானாம்.

"மயக்க டாக்டர் யாருன்னு இப்பவே விசாரிச்சு வச்சுக்கோ" என்றேன். "அவர் வீடு ஆத்துக்கு எந்தப் பக்கம்னு முதல்ல கேளு."